ஃப்ரீரேடியஸ்: யூசர்ஸ் கோப்பில் என்ன எழுதினாலும் வீலான் 30 தான் வருகிறது

வெள்ளவத்தை_நெட்:
அண்ணாமார், காலி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கந்தோர், 40 பேர்தான், அதற்கு டேட்டாபேஸ் எதற்கு என்று ஃப்ரீரேடியஸ் 3-இல் (நெட்வேர்க்கில் நுழைபவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சேர்வர்) யூசர்ஸ் கோப்பிலேயே ஆட்களை எழுதியிருக்கிறேன். முதல் வரியில் எல்லாருக்கும் பொதுவான டிஃபால்ட், அதற்கு வீலான் (ஒரே நெட்வேர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) 30. கீழே ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்வேர்டும், கணக்குப் பிரிவுக்கு மட்டும் வீலான் 20. முதலில் ஒருவருக்குமே லொகின் ஆகவில்லை. டிஃபால்டில் ஃபால்-த்ரூ = யெஸ் (பொருந்தினாலும் நிற்காமல் கீழே போ என்பது) போட்டதும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள், ஆனால் கணக்குப் பிரிவும் 30-இல்தான் விழுகிறது. அங்கே இருக்கிற அக்கா பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று காலையிலிருந்து 3 தரம் வந்து நின்றுவிட்டார். ரேட்டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளையில் பார்த்தாலும் அதே 30.

கொழும்பு13:
அந்த அக்காவின் வரியில் ஆத்-டைப் := அக்செப்ட் போட்டுப் பாருங்கள், எனக்கு ஒருமுறை சரிவந்தது.

பழைய_சேர்வர்:
தம்பி, அதைப் போட வேண்டாம்! அப்படிப் போட்டால் பாஸ்வேர்டைப் பார்க்காமலே கதவு திறக்கும், அந்தப் பெயர் தெரிந்தவன் எவனும் உள்ளே வரலாம். வீலானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கோப்பை மேலிருந்து கீழாக வாசிக்கும், முதலில் பொருந்தும் இடத்தில் நின்றுவிடும். டிஃபால்ட் எல்லாருக்கும் பொருந்துகிறதே, அதனால்தான் முதலில் பாஸ்வேர்ட் வரி வரைக்கும் போகவே இல்லை. ஃபால்-த்ரூ அதைத் தாண்டவைத்தது, சரி. இப்போது உள்ள வில்லங்கம் ஒற்றைச் சமன் குறி. பதில் வரிகளில் (பெயர் வரிக்குக் கீழே, சேர்வர் திருப்பி அனுப்ப வேண்டியதை எழுதும் வரிகள்) = என்றால் 'அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் போடு' என்று அர்த்தம். டிஃபால்ட் 30-ஐ முதலே வைத்துவிட்டது, பிறகு வரும் 20-ஐ அது கண்டுகொள்ளாது. வீலான் எண்ணைச் சொல்லும் டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி வரியில் := போடுங்கள், பழையதைத் தூக்கிவிட்டு உட்காரும்.

நான் செய்வதென்றால் டிஃபால்டைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். கணக்குப் பிரிவின் வரிகளில் ஃபால்-த்ரூ வேண்டாம், மற்றவர்களுக்குப் போடுங்கள், அவர்கள் கீழே வந்து 30-ஐ எடுத்துக்கொள்வார்கள். பெயர் வரி ஓரத்தோடு ஒட்டித் தொடங்க வேண்டும், பதில் வரிகள் டாப் விட்டு உள்ளே. ஒவ்வொரு பதில் வரி முடிவிலும் கமா, கடைசி வரியில் மட்டும் இல்லை. அந்தக் கமாவாலேயே நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன்.

கோப்பை மாற்றிய பிறகு சேர்விஸை நிறுத்திவிட்டு (இல்லாவிட்டால் 1812 போர்ட் ஏற்கெனவே பாவனையில் என்று கத்தும்) பெரிய எக்ஸ் ஆப்ஷனோடு (-X) ஓடவிட்டுப் பாருங்கள். எந்த வரி பொருந்தியது என்று வரி எண்ணோடு காட்டும், ஊகிக்கத் தேவையில்லை. பாஸ்வேர்டெல்லாம் வெறும் எழுத்தாகத்தானே கிடக்கிறது, கோப்பின் அனுமதியை 640 ஆக (உரிமையாளர் எழுதலாம், குழு வாசிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை) வையுங்கள்.

வெள்ளவத்தை_நெட்:
:= போட்டேன், ரேட்டெஸ்டில் 20 வந்துவிட்டது அண்ணா! ஆனால் அக்காவின் லேப்டொப் வைஃபையில் பீப் (PEAP, பாஸ்வேர்டை ஒரு பாதுகாப்பான டனலுக்குள் அனுப்பும் முறை) மூலம் வருகிறது, அங்கே வீலானே போவதில்லை.

பழைய_சேர்வர்:
அது உள் டனலில் கிடைத்த பதில் வெளியே வராத கதை. இன்னர்-டனல் சைட் கோப்பில் போஸ்ட்-ஆத் பகுதியில் இஃப் (0) என்று ஒன்று இருக்கும், அதற்கு மேலேயே குறிப்பும் எழுதியிருப்பார்கள். 0-ஐ 1 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

வெள்ளவத்தை_நெட்:
பிரிண்டர் ஓடுகிறது. அக்கா இப்போது கலர் பிரிண்ட் கேட்கிறார்.