மயக்க மருந்து படிக்கப் போகும் பிள்ளைக்காக

அன்பின் நிலாவெளி உறவுகளுக்கு,

போன கிழமை தம்பி ஒருவர் தன் மகளைப் பற்றிக் கவலையோடு எழுதியிருந்தார். மருத்துவம் முடித்த பிள்ளை, மேற்படிப்புக்கு மயக்கவியலைத் தேர்ந்திருக்கிறாளாம். "ஊசி போட்டுத் தூங்க வைப்பதற்கா இத்தனை வருடப் படிப்பு? சத்திரசிகிச்சை படித்தால் நாலு பேருக்குப் பெயர் தெரியுமே" என்று கேட்டிருந்தார். முப்பது வருடங்களுக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறவள் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தம்பி, தூங்க வைப்பது ஒரு நிமிட வேலை. அதன் பிறகு அந்த மனிதருக்காக மூச்சு விடுவதும், இரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைத்திருப்பதும், போன இடத்திலிருந்து பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வருவதும்தான் எங்கள் தொழில். அதை முறையாகக் கற்பிக்க வேண்டிய படிப்பாக ஆக்கியவர்களில் நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சேர் றொபேர்ட் மக்கின்ரொஷ் 1897இல் நியூசிலாந்தின் ரிமாரு நகரில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் விமானி. 1917இல் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார், தப்பியோடவும் பார்த்தார். போர் முடிந்து லண்டனில் மருத்துவம் படித்து, பல் வைத்தியர்களிடம் வரும் நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்துப் பிழைத்தார். 1936இல் மோட்டார் தொழிலதிபர் நஃபீல்ட் பிரபு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தபோது, மயக்கவியலுக்கும் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். பல்கலைக்கழகத்தாருக்கு அது பிடிக்கவில்லை. இன்று நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் அன்று அவர்களும் கேட்டார்கள், தம்பி. கடைசியில் 1937இல் அந்தப் பதவி மக்கின்ரொஷுக்குக் கிடைத்தது. பிரித்தானியாவில் இத்துறையின் முதல் பேராசிரியர் அவரே. கிடைத்ததும் அவர் அமெரிக்காவுக்குப் போய், மடிசன் நகரில் ரால்ஃப் வாட்டர்ஸ் மயக்கவியலை எப்படிப் படிப்பிக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தார். படிப்பிக்க வேண்டியவர் முதலில் மாணவராகப் போய் நின்றது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

அதே ஆண்டு, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கும் போனார். முகம் சிதைந்த வீரர்கள். காஸ் சிலிண்டர் கிடையாது. கையில் இருந்ததெல்லாம் ஈதர் என்ற மயக்கத் திரவமும் ஒரு தகரக் குவளையும். நோயாளி தன் மூச்சாலேயே காற்றை ஈதரின் மேலாக இழுத்துக்கொள்ளும் கருவி ஒன்று இருந்தால் மின்சாரமும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம் என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. ஆனால் ஈதர் ஆவியாகும்போது தானே குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் ஆவி குறையும், மயக்கம் தெளியும். அதனால் சுடுநீர் ஊற்றினால் உருகி, பிறகு மெல்ல மெல்ல வெப்பத்தை விடும் கல்சியம் குளோரைட்டுப் பளிங்குகளைச் சுற்றிலும் வைத்தார்கள். 1941இல் வந்த ஒக்ஸ்போர்ட் ஆவியாக்கி இதுதான். நம் ஊரில் என்றால் கதை வேறு. ஈதர் ஏறத்தாழ 35 பாகையில் கொதித்துவிடும். கச்சான் காற்று வீசும் மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள்!

இரண்டாம் உலகப் போரில் அவர் றோயல் விமானப்படையின் மயக்கவியல் ஆலோசகர். எயார் கொமடோர் பதவி. படை மருத்துவர்களைத் தன் துறைக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். திருகோணமலைச் சீனன்குடாவில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1942 ஏப்ரல் 9ஐ நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்தின் கற்களை வாசித்துக்கொண்டே நாம் பள்ளிக்கூடம் போனோம். அங்கே உறங்கும் பையன்களைப் போன்றவர்கள் கடலில் விழுந்தால் பிழைக்க வேண்டுமே என்றுதான் அன்று ஒரு பரிசோதனை நடந்தது. நினைவுள்ள மனிதன் தண்ணீரில் தன்னை அறியாமலே தலையைத் தூக்கிவிடுவான். நினைவிழந்தவனை உயிர்காப்பு அங்கி மல்லாக்கத் திருப்புமா என்று அறிய, நினைவிழந்த ஓர் உடல் வேண்டும். மக்கின்ரொஷின் துறையைச் சேர்ந்த எட்கர் பாஸ்க் என்ற இளம் மருத்துவர் தன் உடலைக் கொடுத்தார். அவரை ஈதரால் மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் விட்டு, அங்கி மாட்டி, நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். ஒரு முறை அல்ல, பல முறை. கடலுக்குப் போகும் குடும்பங்களில் பிறந்த நமக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தினமும் கையில் எடுப்பது அவருடைய இன்னொரு கருவி: மூச்சுக்குழாயில் குழாய் விடுவதற்காகக் குரல்வளையைப் பார்க்க உதவும் கருவி. தொண்டைச் சதை அறுவைக்காக வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை ஒரு நாள் வைத்தபோது, அதன் அலகு தேவைக்கு மேல் நீளமாக இருந்து நாக்கின் அடிவரை போய்விட்டது. திறந்தால், குரல் நாண்கள் கண் முன்னே! பிழையாக வைத்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர் உற்றுப் பார்த்தார். துறையின் தொழில்நுட்பவியலாளர் றிச்சட் சோல்ற் வளைந்த அலகு ஒன்றைச் செய்துகொடுக்க, 1943இல் அது வெளிவந்தது. அலகின் நுனி நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலான பள்ளத்தில் அமரும். பல்லில் சாய்க்காமல் முன்னும் மேலுமாக உயர்த்தினால், கூடாரம் போல இரண்டு வெள்ளை நாண்கள், நடுவே கறுத்த இடைவெளி. ஆயிரக்கணக்கான முறை பார்த்துவிட்டேன். இன்றும் அது தெரியும் கணத்தில்தான் என் மூச்சும் இறங்குகிறது.

போருக்குப் பிறகு, மயக்கத்தின்போது நேரும் மரணங்களைப் பற்றி 1949இல் ஒளிக்காமல் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை, பயிற்சிக் குறைவால் வருபவை என்பது அவர் வாதம். சக மருத்துவர்கள் பலருக்குக் கசந்தது. ஆனால் பிள்ளைகளை வருடக்கணக்காக உட்கார வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியாது. தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுவே.

ஆடியில் ஊருக்கு வருகிறேன். என் பயிற்சிக் காலத்து மூன்றாம் இலக்க அலகு ஒன்று என்னிடம் இருக்கிறது. மகளுக்குக் கொண்டு வருகிறேன். அவள் வலக்கைக்காரிதானே? பரவாயில்லை, அதை எல்லோரும் இடது கையால்தான் பிடிக்க வேண்டும். இப்போதே ஒரு கரண்டியைப் பிடித்துப் பழகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லீட்ஸிலிருந்து அக்கா