பலர் சேர்ந்து வாங்கிய நிலம், ஒருவர் பெயரில் பட்டா: பாரிஸ்டர்தான் வேண்டுமா?

கேள்வி: தோட்டத்து மகன், சுங்கை சிப்புட், மலேசியா
எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சில குடும்பங்கள் மாதந்தோறும் பணம் போட்டு வாங்கிய நிலம், அன்றைய தண்டலின் (தொழிலாளர்களை மேற்பார்த்தவர்) பெயரில் பதிவானது. அவர் காலமாகிவிட்டார், இப்போது அவருடைய மகன் அதை விற்கப் பார்க்கிறார். லண்டனில் படித்த பாரிஸ்டரை வைத்தால்தான் வழக்கு நிற்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஈப்போவாசி
ஐயா, இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதிடும் பாரிஸ்டரும் கட்சிக்காரரின் ஆவணங்களைக் கவனிக்கும் சொலிசிட்டரும் வெவ்வேறு தொழிலினர். மலேசியாவிலோ 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒருவரே இரண்டையும் செய்கிறார். ஆகவே பட்டத்தைப் பார்க்காமல், டிரஸ்ட் வழக்குகளில், அதாவது ஒருவர் பிறருக்காகச் சொத்தை வைத்திருப்பது பற்றிய வழக்குகளில், வழக்கறிஞருக்குள்ள அனுபவத்தை விசாரியுங்கள். பணம் கொடுத்தவர்களுக்காகவே தண்டல் நிலத்தை வைத்திருந்தார் என்பதை வழக்கறிஞர் நிரூபிக்க வேண்டும்; அதற்குப் பணம் வசூலித்த குறிப்பேடும் ரசீதுகளும் பத்து வாய்ச்சாட்சிகளைவிட வலுவானவை. தயவுசெய்து அவற்றை லேமினேட் செய்துவிடாதீர்கள். அசல் அசலாகவே இருக்கட்டும்.

பதில்: கம்பார் தமிழன்
வழக்கு பிறகு, முதலில் தனியார் கேவியட், அதாவது நிலத்தில் உரிமை கோருபவர் பட்டாவில் பதியவைக்கும் தடைக் குறிப்பு. அது பதிவாகிவிட்டால், நடப்பிலிருக்கும்வரை பெயர்மாற்றம் நடக்காது. மகன் அதை நீக்கக் கோரினால், உங்கள் வழக்கறிஞர் சத்தியப்பிரமாண வாக்குமூலத்துடன் உயர் நீதிமன்றத்தில் நீட்டிப்புக் கேட்பார். நிலத்தில் கோயில் உண்டா? பொதுச் சமய டிரஸ்ட் என்றால், 1956ஆம் ஆண்டின் அரசு வழக்குகள் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இருவராவது சட்டத்துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்றே வழக்குத் தொடுக்க முடியும்.

தோட்டத்து மகன்
கோயில் இல்லை, வீட்டுமனைகள்தாம். குறிப்பேடு பழைய கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு திங்களன்று வழக்கறிஞரைப் பார்க்கிறோம்.