டைனமிக் பட்டன்: முதல் கிளிக் மட்டும் ஏன் விழுங்கப்படுகிறது?

வணக்கம் நண்பர்களே. நான் எழுதுவது ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் (மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கட்டமைப்பு), மொழி சி ஷார்ப். ‘வரிசை சேர்’ அழுத்தினால் பேனலில் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸும் ‘நீக்கு’ பட்டனும் சேரும். வரிசை எண்ணிக்கை மட்டும் வியூஸ்டேட்டில் (பக்கத்தோடு போய் வரும் மறைவான நிலைத்தகவல்). பேஜ் இனிட்டில் (சர்வரில் பக்கம் உருவாகும் தொடக்கக் கட்டம்) வியூஸ்டேட் வந்திருக்காது என்பதால் ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும் (பக்கம் சர்வருக்குத் திரும்ப அனுப்பப்படும்போது) அதற்கடுத்து வரும் பேஜ் லோடில் வரிசைகளை உருவாக்கி கிளிக் ஹேண்ட்லரை (கிளிக் செய்தால் ஓடும் செயல்கூறு) இணைக்கிறேன். ஐடி நானே கொடுப்பது: நீக்கு1, நீக்கு2, நீக்கு3.

நடுவரிசையை நீக்கினால்தான் தகராறு. ஹேண்ட்லர் 2-ஐ எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறது. பிரவுசரில் மிஞ்சுவது 1, 3. அடுத்த போஸ்ட்பேக்கில் சர்வர் உருவாக்குவதோ 1, 2. நீக்கு3 அழுத்தினால் அந்தப் பெயரில் கன்ட்ரோலே இல்லை. ஈவென்ட் எழுவதில்லை, பிழைச்செய்தியும் கிடையாது, அந்த வரிசையில் தட்டியதும் போய்விடுகிறது. பக்கம் 1, 2 என்று திரும்பி வருவதால் இரண்டாவது கிளிக் வேலை செய்கிறது! ஹேண்ட்லருக்குள்ளேயே எல்லாவற்றையும் கிளியர் செய்து மறுபடி கட்டினால் பெட்டிகள் காலி. போஸ்ட் டேட்டா (பிரவுசர் அனுப்பிய மதிப்புகள்) ஏற்றும் கட்டம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

எண்ணிக்கைக்குப் பதில் ஐடி பட்டியலையே வியூஸ்டேட்டில் வைக்க நினைக்கிறேன். லோட்வியூஸ்டேட்டை (வியூஸ்டேட்டை ஏற்றும் மெத்தட்) ஓவர்ரைடு செய்து, பேஸ் அழைப்புக்குப் பின் அங்கேயே உருவாக்குவது நல்லதா, பேஜ் லோடே போதுமா? பட்டியலை ஹிட்டன் ஃபீல்டில் (படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத புலம்) வைத்து இனிட்டிலேயே படிக்கலாம்தான். யாரும் அதை மாற்றி அனுப்பிவிடலாம் என்பதால் தயக்கம். பேனல் ஒரு அப்டேட்பேனலுக்குள் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் கன்ட்ரோல்) இருக்கிறது, அதனால் ஏதும் மாறுமா?