மறுமொழி: ஜீன் வேரியன்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

அய்யா, வணக்கம். பிபி ஆய்வுக்கு ரத்தம் குடுக்க வர்றவங்க படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுற சம்மதப் படிவம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, இன்னும் வேரியன்ட்லயே, அதாவது ஒரே ஜீன் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேற வடிவத்துல இருக்குறதுக்கு என்ன சொல்லுங்கிறதுலயே, நிக்கிறேன்.

> நன்னூல்லயே இருக்கு தம்பி. எழுத்து கூடினா தோன்றல், மாறினா திரிதல், விழுந்தா கெடுதல், மூணும் விகாரம். பொருள் மாறாம எழுத்து மட்டும் மாறினா போலி, பந்தல் பந்தர் மாதிரி. டிஎன்ஏவுக்கு இதைவிட என்ன வேணும்?

பொருந்துதுங்கய்யா, மறுக்கவே இல்ல. ஏசிஇங்கிற நொதியை உண்டாக்குற ஜீனையே எடுங்க, 287 டிஎன்ஏ எழுத்து நீளத்துல ஒரு துண்டு சிலருக்கு இருக்கும் சிலருக்கு இருக்காது, தோன்றல் கெடுதல்னா வகுப்புல டக்குனு பிடிபடும். துண்டு இல்லாதவங்க ரத்தத்துல ஏசிஇ நொதி கூடுதலா இருக்கும்னு 1990லயே பாத்துட்டாங்க, அந்த நொதி ரத்தக்குழாய் உள்சுவர்ல இருக்குற எண்டோதீலியம் செல் மேல, முக்கியமா நுரையீரல்ல, உக்காந்துக்கிட்டு ஆஞ்சியோடென்சின்ங்கிற ஹார்மோனோட ஒண்ணாம் வகையை ரெண்டாம் வகையா மாத்துது, அதுதான் குழாயை இறுக்குது. ஆனா நொதி கூடினா பிபி கட்டாயம் ஏறும்னு சொல்லிட முடியாது, உப்பு, எடை, இன்னும் நூத்துக்கணக்கான ஜீன் இடங்கள் எல்லாம் சேந்துதான் முடிவாகுது. அப்படியிருக்க, நல்லா இருக்குற ஒரு அம்மாகிட்ட 'உங்க ஜீன்ல விகாரம்'னு எப்படிங்கய்யா நீட்டுறது? போலின்னா கள்ளநோட்டு, திரிபுன்னா டெல்டா கொரோனா. என் ஓட்டு 'மாறுபாடு'க்கு.

> தம்பி, மாறுபாடு எண்டது வித்தியாசம். வேரியன்ட் எண்டது ஒரு வடிவம், ரெண்டையும் குழப்பாதேங்கோ. 'மாற்றுரு' எண்டு போடுங்கோ. உடம்பு உறுப்புகளின்ர மேற்பரப்பை மூடுற செல் அடுக்கான எபிதீலியத்துக்கு மேலணி எண்டு நாங்கள் பள்ளிக்கூடத்திலயே படிச்சது, அப்ப உள்ளுக்கு இருக்கிறது அகவணி, அகவணிக் கலம். ஏன் இன்னும் செல்?

அக்கா, மாற்றுரு அழகான சொல், ஆசிரியர் கையேட்டுல அதையே போடுறேன். கலம்னா இங்க படிக்கிறவங்களுக்குப் பாத்திரம்தான், செல்லை விட முடியாது. படிவத்துல 'ஜீன் மாறுபாடு', 'ரத்தக்குழாய் உள்சுவர் செல்'. நாலு பேர் சரின்னுட்டாங்க, மத்தவங்க பதிலே போடல, இன்னிக்கு ராத்திரி அனுப்பிடுறேன்.

> அனுப்பு தம்பி. விகாரம்ங்கிற சொல்லுக்கு அசிங்கம்னு அர்த்தம் ஏறினது பின்னாடி வந்த பழக்கம், அதுக்காக இலக்கணத்தைக் கைவிடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. சொல் வரலாற்றைத் தனி இழையா நாளைக்குப் போடுறேன்.