நாள்தோறும் வேதத்தை வாசிக்கிறேன், ஆனால் தியானம் அமையவில்லை, வழி சொல்லுங்கள்

கேள்வி: கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியை

அன்பின் சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வேதாகமத்தின் 1189 அதிகாரங்களையும் ஓர் ஆண்டுக்குள் முடிக்கும் அட்டவணையின்படி, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்களை விடியற்காலையில் வாசித்து வருகிறேன். வாசிப்பு தடைப்படுவதில்லை. ஆயினும் பாடசாலையில் முதலாம் பாடவேளை தொடங்கும் நேரத்தில், காலையில் எந்த அதிகாரத்தை வாசித்தேன் என்று சொல்ல முடிகிறதே தவிர, அந்த வார்த்தை என்னோடு வகுப்பறைக்குள் வரவில்லை.

முதலாம் சங்கீதம் கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனிதனைப் பாக்கியவான் என்கிறது. அதே கட்டளையை யோசுவா பெற்றபோது, அவர் வனாந்தரத்தில் தனித்திருந்த துறவியல்லர். ஒரு முழு ஜனத்தையும் யோர்தானுக்கு அப்பால் நடத்திச் செல்லவேண்டிய தலைவராயிருந்தார். ஆகவே வேலைப்பளு உள்ளவர்களுக்கும் தியானம் உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிச் செய்வது என்பதே என் கேள்வி. எவ்வளவு பகுதியை எடுப்பது? மனம் அலைந்தால் என்ன செய்வது? ஆறுதல் தராத பகுதிகளை எப்படித் தியானிப்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதில் 1: புளியந்தீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்புச் சகோதரி, நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் மரபில் இதற்குப் பழைமையான வழியொன்று உண்டு. இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி, 12ஆம் நூற்றாண்டில் தம் நண்பருக்கு எழுதிய மடலில் வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலை இறைநோக்கு என்னும் நான்கு படிகளைக் கொண்ட ஓர் ஏணியைக் காட்டினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது, செபம் சுவையைப் பெறுகிறது, இறைநோக்கு அந்த இனிமையாகவே இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட மடலில் இந்தப் படிகளை விளக்கிவிட்டு, வாழ்வைப் பிறருக்கான கொடையாக்கும் செயலுக்கு நம்மை நகர்த்தும் வரையில் இம்முயற்சி நிறைவடைவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

படிகளின் பெயர்களைவிடப் பகுதியின் அளவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நான்கு அதிகாரங்களை மெல்ல எவராலும் இயலாது. பத்துப் பன்னிரண்டு வசனங்களே போதும்.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் முதல் பதினொரு வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நமது வாவிக்கரையில் வாழ்பவர்களுக்கு அந்தக் காட்சியை எவரும் விளக்கவேண்டியதில்லை. இரவுத் தொழிலுக்குப் போய் வெறுந்தோணியோடு கரை சேர்வோரின் முகம் எங்களுக்குத் தெரியும். முதலில் அப்பகுதியை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். மீனவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. ஒன்றும் அகப்படாத இரவுக்குப் பின்னரும் வலையை அலசித்தான் ஆகவேண்டும், ஏனெனில் நாளை மறுபடியும் தொழில் உண்டு. அப்படிக் களைத்து நின்ற சீமோனின் படகைத்தான் இயேசு கேட்டு வாங்குகிறார். கரையிலிருந்து சற்றே தள்ளச் சொல்லி, அதில் அமர்ந்து மக்களுக்குப் போதிக்கிறார். ஆழத்திற்குப் போகச் சொல்வது அதற்குப் பின்னர்தான். இந்த வரிசையைக் கவனியுங்கள்: தன் தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படாமல், தன் படகிலேயே அமர்ந்திருப்பவரின் போதனையைச் சீமோன் முழுவதும் கேட்கவேண்டியிருந்தது.

இனி அந்தக் காட்சிக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கரையில் நிற்கும் கூட்டத்திலா, வலை அலசுவோரிடையிலா, உதவிக்கு அழைக்கப்பட்ட மற்றப் படகிலா? 1548இல் அச்சேறிய தமது ஆன்மிகப் பயிற்சிகளில் புனித லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த முறை இது. அவரது இயேசு சபைக் குருக்கள் மட்டக்களப்பில் நெடுங்காலம் பணியாற்றியதால், எங்கள் ஊரில் இந்த முறை பலருக்கும் பழக்கமானது. ஒரு நாள் ஐந்தாம் வசனம் உங்களை நிறுத்தும்: “இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்.” நின்ற இடத்திலேயே நின்றுவிடுங்கள், மிகுதி வசனங்களுக்கு விரையவேண்டாம். எத்தனை முறை விளங்கப்படுத்தியும் எழுத்துக்கூட்டத் திணறும் மாணவன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருப்பானாயின், அவனுடைய பெயரைச் சொல்லி அந்த வசனத்தையே செபமாக்குங்கள். அப்போது அந்த வசனம் வகுப்பறைக்குள் வரும்.

மனம் அலைவதைப் பற்றிக் கேட்டீர்கள். அலைந்தது தெரிந்தவுடன் அதே வசனத்தை மறுபடியும் வாய்விட்டு வாசியுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

பதில் 2: கல்லடியிலிருந்து மெதடிஸ்த சபை உபதேசியார்

ஐயா எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் எங்கள் சபையின் பக்கத்திலிருந்து ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அவர் மரித்துப்போனாலும் ஊழியம் நிற்கவில்லை. அவரை அனுப்பிய இயக்கத்தின் முன்னோடியாகிய ஜோன் வெஸ்லி, பழைய ஏற்பாட்டுக்கான தமது விளக்கக் குறிப்புகளுக்கு 1765இல் எழுதிய முன்னுரையில், வேதத்தை எப்படி வாசிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காலையிலும் மாலையிலும் சிறிது நேரத்தை ஒதுக்கவேண்டும்; தேவனுடைய சித்தத்தை அறிந்து அதைச் செய்யவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வாசிக்கவேண்டும்; வாசிக்குமுன்பும் பின்பும் ஜெபிக்கவேண்டும்; இடையிடையே நிறுத்தி, வாசித்ததைக் கொண்டு தன் இருதயத்தையும் நடக்கையையும் சோதிக்கவேண்டும்; கிடைத்த வெளிச்சத்தை உடனடியாக, முழுவதுமாகப் பயன்படுத்தவேண்டும்.

அந்த ‘உடனடியாக’ என்பதில்தான் நம்மில் பலருடைய தியானம் தளர்ந்துபோகிறது. திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருக்கும்படி யாக்கோபு எழுதியதை நாம் மனப்பாடமாக அறிவோம். காலையில் மன்னிப்பைக் குறித்துத் தியானித்தவர், பேச்சுவார்த்தை அறுந்துபோன மைத்துனருக்கு அன்று மாலையே ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லையெனில், மறுநாள் அடுத்த பகுதிக்குப் போவதில் என்ன பயன்? ஆகவே சகோதரி, ஒரு கொப்பியில் அன்றைய வசனத்தையும், அன்று செய்யவேண்டிய ஒரேயொரு காரியத்தையும் எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதவேண்டியதில்லை. இரவு ஜெபத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து கர்த்தருக்கு முன்பாகப் பாருங்கள்.

பதில் 3: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாதி

அக்கா, நிலையான விடியற்காலை நேரம் இல்லாதவர்களுக்காகவும் சில வரிகள் எழுதுகிறேன். முறை மாறி மாறிக் கடமை செய்பவர்களுக்கு இன்ன நேரம் என்று குறிப்பது சாத்தியமில்லை. ஆகவே நேரத்திற்குப் பதிலாக, கை கழுவுவது, சீருடை அணிவது, பேருந்துக்குக் காத்திருப்பது போன்ற எப்படியும் செய்யவேண்டிய வேலையோடு வசனத்தைச் சேர்த்துக்கொண்டேன். அதற்கு வசனம் மனப்பாடமாக இருக்கவேண்டும். 120 முதல் 134 வரையிலான ஆரோகண சங்கீதங்கள் பெரும்பாலும் சிறியவை, எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் வழியில் பாடியவை என்று கருதப்படுபவை; ஆகவே வழியில் சொல்வதற்கு ஏற்றவை. 133ஆம், 134ஆம் சங்கீதங்களுக்கு மூன்று மூன்று வசனங்கள்தாம். “உன்னைக் காக்கிறவர் உறங்கார்” என்ற வரியை இரவுக் கடமையில் நோயாளியின் கட்டிலருகே மனதுக்குள் சொல்லும்போது, விழித்திருப்பது நான் மாத்திரமல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

கைத்தொலைபேசியில் வேதாகமம் வைத்திருப்பது நல்லதே. ஆனால் தியான நேரத்தில் அச்சிட்ட புத்தகமே உகந்தது, ஏனெனில் தொலைபேசியில் அடுத்தடுத்து வரும் செய்திகள் நம்மை விடுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறுதல் தராத பகுதிகளைப் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு தாயார், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர். 42ஆம் சங்கீதத்தில் உமது அலைகளெல்லாம் என்மேல் புரண்டுபோகின்றன என்ற பொருள்படும் வசனம் வந்தபோது, அவர் புத்தகத்தை மூடிவிட்டார். நாங்கள் எவரும் பேசவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் தியானம் என்பது என்ன?

பதில் 4: திருக்கோவிலிலிருந்து ஒரு போதகர்

சகோதரி, நீங்கள் பேசாதிருந்தது நல்லது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுவே, வாய் திறந்த பின்னரே அவர்கள் அவரைக் காயப்படுத்தினார்கள்.

ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அன்றைக்கே ஓர் ஆறுதலை எடுத்துவிடவேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாம் கைவிடவேண்டும். 88ஆம் சங்கீதம் ஒரேயொரு நம்பிக்கை வரிகூட இல்லாமலே முடிகிறது. ஆயினும் அதன் முதல் வார்த்தைகள் இரட்சிப்பின் தேவனை நோக்கிப் பேசுகின்றன. அதைப் பாடியவர் தம் முறைப்பாட்டை வேறெவரிடமும் கொண்டுபோகவில்லை, அந்த முறைப்பாட்டைத் திருச்சபையும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. கிழக்குக் கரையில் யுத்தத்திலும் ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் தேவனிடத்தில் முறையிட உரிமையுள்ளவர்கள் என்பதற்கு அந்தச் சங்கீதமே சான்று. அந்தத் தாயார் 42ஆம் சங்கீதத்திற்குத் திரும்பவேண்டும் என்று எவரும் வற்புறுத்தவேண்டாம். அவர் விரும்பினால், வீட்டில் அவரோடு அமர்ந்து 88ஆம் சங்கீதத்தை மெதுவாக ஒருவர் வாசிக்கட்டும். விளக்கம் சொல்லவேண்டாம், வாசித்த பின் அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் அமர்ந்திருங்கள்.

உங்கள் ஆண்டு அட்டவணையைக் குறித்தும் ஒரு வார்த்தை. அதை நிறுத்தவேண்டாம். முழு வேதாகமத்தையும் அறியாதவர் தனி வசனத்தைத் தவறாகப் பொருள்கொள்ளக்கூடும். அந்த வாசிப்பை மாலைக் குடும்ப ஜெபத்துக்கு மாற்றி, ஓர் ஆண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டுகளாக நீட்டுங்கள்; அப்போது நாளுக்கு இரண்டு அதிகாரங்களுக்கும் குறைவாகவே வரும், பிள்ளைகளும் முறை வைத்து வாசிக்கலாம். விடியற்காலையைத் தியானத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கி ஒரு சம்பவத்தோடு ஒரு வாரம் இருங்கள்.