முட்டுச்சந்து வழுவா, புறநடையா?

பொருள்: 'எக்செப்ஷன்' – தமிழ்ச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சாலைத் தரவைச் சரிபார்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு பிழையை 'எக்செப்ஷன்' என்று குறித்து வைக்கிறோமே, அதற்கு என்ன எழுதுவது?

ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கணினியில் சாலைகள் வெறும் கோடுகள். ஒரு கோட்டின் முனை அடுத்த கோட்டைத் தொட்டால்தான் வழிகாட்டும் செயலி ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும். வரைந்தவர் கை தவறி அரை மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணினிக்கு அந்த இடத்தில் சாலை அறுந்துபோயிருக்கும். இதைப் பிடிக்கத்தான் 'எந்த முனையும் தொங்கக் கூடாது' என்று ஒரு விதி. சோதனையை ஓட்டினால் தொங்கும் முனை ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும்.

வம்பு அங்கேதான். முட்டுச்சந்தின் கடைசி வீடும் தொங்கும் முனைதான். கை தவறியதும் சுவர் மறித்ததும் மென்பொருளுக்கு ஒன்றுதான். ஆள் போய்ப் பார்த்தோ, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தோ, 'இந்தத் தெரு நிஜமாகவே இங்கே முடிகிறது' என்று சொன்னால் அந்தப் புள்ளியைப் பிழைப் பட்டியலிலிருந்து எடுத்து எக்செப்ஷனில் போடலாம். மேம்பாலமும் இப்படித்தான். சென்னைக் கத்திப்பாராவில் மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும், ஆனால் வண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்க முடியாது. 'கோடுகள் வெட்டும் இடத்தில் கணு (இணைப்புப் புள்ளி) வேண்டும்' என்ற விதியைக் கேட்டால் கத்திப்பாரா முழுக்கப் பிழை.

இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவள் நான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், 'பிழை எண்ணிக்கை பூஜ்யம் ஆக வேண்டும்' என்று புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் சொல்லியிருந்தார்கள். அவன் முட்டுச்சந்து எல்லாவற்றையும் பக்கத்துத் தெருவோடு இழுத்து ஒட்டிவிட்டான். எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிட்டது, ஊரில் உள்ள காம்பவுண்டு சுவர்களுக்கெல்லாம் வாசலும் வந்துவிட்டது! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இது பிழையில்லை என்று அவனுக்கு முன்னால் பார்த்தவர்கள் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இதுவரை 'விதிவிலக்கு' என்று எழுதி வந்தேன். மனசுக்கு ஒட்டவில்லை. நிரலாக்கத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு, யாரோ மனுப்போட்டு வாங்கிய சலுகை மாதிரியும் இருக்கிறது. 'ஏற்கெனவே பார்த்து ஒப்புக்கொண்டது' என்ற பொருள் வரவே இல்லை. 'அறியப்பட்ட விதிவிலக்கு' என்றால் மொழிபெயர்ப்பு நெடி. 'பிழையல்லாப் பிழை' என்றால் விடுகதை. உதவுங்கள்.

*

மறுமொழி 1

அக்கா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் 'புறநடை' என்றால் எல்லோருக்கும் விளங்கும். விதிக்குப் புறமாக நடப்பது. சின்னச் சொல், பொத்தானிலும் அடங்கும்.

ஆனால் சொல்லுக்கு முன்னால் ஒரு விஷயம் கதைக்க வேண்டும். நான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் வரைகிறவன். வீட்டு வாசலோடு முடிகிற ஒழுங்கைகள் (சந்துகள்) இங்கே எக்கச்சக்கம். ஒழுங்கையின் கடைசிப் புள்ளியில் 'நோஎக்சிட்' (அப்பால் வழியில்லை) என்ற குறிச்சொல்லை நாங்கள் போட்டுவிடுவோம். நாங்கள் வரையப் பயன்படுத்தும் ஜோசம் என்ற மென்பொருள் அதைப் பார்த்தால் 'இந்த முனை பக்கத்து வீதியோடு சேரவில்லையே' என்று கேட்பதை நிறுத்திவிடும். ஜோசத்திலேயே எச்சரிக்கையைப் 'புறக்கணி' என்று அமத்தவும் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் என் கணினியோடு சரி. நாளைக்கு வேறொருவர் அதே இடத்தைத் திறந்தால் அதே எச்சரிக்கை திரும்ப வரும், அவர் உங்கள் தம்பி செய்ததையே செய்வார். ஆகவே புறநடை தரவோடு ஒட்டியிருக்க வேண்டும், பார்த்தவரின் கணினியோடு அல்ல.

இன்னொன்று. எல்லா எச்சரிக்கையையும் புறநடை என்று மூடக் கூடாது. நெடுந்தீவின் வீதிகள் எல்லாம் மற்ற வீதிகளோடு சேராமல் தனியே கிடக்கின்றன என்று ஒரு சோதனை காட்டும். தீவுதானே, புறநடை என்று போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகு போகிறதே! அந்தப் படகுப் பாதையை வரைந்து இரண்டு துறையிலும் இணைத்தால் எச்சரிக்கை தானாகவே போய்விடும். அங்கே இருந்தது புறநடை இல்லை, எங்கள் தரவில் குறை. உங்கள் கத்திப்பாராவும் அப்படித்தான். எந்த வீதி பாலம், எது எந்த அடுக்கு என்று தரவில் இருந்தால் சோதனை எதற்குக் கத்தப்போகிறது?

*

மறுமொழி 2

முட்டுச்சந்துக்குப் பதிலாகத் தனுஷ்கோடியை உதாரணமாக வைக்கலாமே. அரிச்சல்முனைக்கு அப்புறம் கடல்தான்.

*

மறுமொழி 3

அன்புள்ள அம்மாவுக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கும்,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கணினியில் எனக்குத் தெரிந்தது இந்த மடலை அனுப்புவது மட்டும். ஆனால் நீங்கள் சொல்லும் சிக்கலை எங்கள் இலக்கணம் எப்போதோ பார்த்துவிட்டது.

சரியாக இருப்பது வழாநிலை. தவறாக இருப்பது வழு. வழுவாகத் தெரிந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசு வீட்டுக்குள் வரும்போது 'என் அம்மை வந்தாள்' என்று சொல்கிறோம். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது விதிப்படி வழு, பிரியத்தினால் சொல்வதால் அமைதி. மகளைப் பார்த்து 'வாடா ராசா' என்று ஒரு தாய் கூப்பிட்டால் அதுவும் அப்படியே. 'அமைச்சர் நாளை வருகிறார்' என்று செய்தியில் சொன்னால் அது கால வழுவமைதி. நாளைக்கு நிகழ்காலம் ஏது?

இதில் உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. சும்மா 'அமைதி' என்று விட்டுவிட முடியாது, காரணம் காட்ட வேண்டும். திணையும் பாலும் மயங்குவதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு என்று ஐந்து காரணங்களை நன்னூல் எண்ணிச் சொல்கிறது. உங்கள் பட்டியலிலும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும் அல்லவா?

தம்பி சொன்ன புறநடையும் நம் பழைய சொல்தான். இலக்கண நூல்களில் புறனடை என்று வரும். இயலின் கடைசியில் நின்று, சொல்லாமல் விட்டவற்றையும் தழுவிக்கொள்ளும் நூற்பா அது. வழுவை மன்னிப்பது அதன் வேலை அல்ல. விதி எட்டாத இடத்தை எடுத்துக்கொள்வதுதான் அதன் வேலை.

*

மறுமொழி 4

ஐயா, வணக்கம். உங்கள் மடலைப் படித்ததும் 'வழுவமைதி'தான் என்று முடிவே செய்துவிட்டேன். நம் ஆட்கள் மென்பொருள் 'பக்'கை ஏற்கெனவே வழு என்றுதானே எழுதுகிறார்கள், பொருத்தமாக இருந்தது. பழைய பட்டியல் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். பாதியில் இடறியது.

முட்டுச்சந்து எந்த விதத்தில் வழு? தெரு அங்கே முடிகிறது, தரவும் அங்கே முடிகிறது. இதில் மன்னிக்க ஒன்றுமில்லை. விதிதான் அந்த இடத்தை நினைத்துப் பார்க்கவில்லை. ஐயா சொன்ன கணக்கிலேயே அது புறநடை.

அதே பட்டியலில் வேறு வகையும் இருக்கிறது. மாநில எல்லையில் நம் பக்கத்துச் சாலை ஓரிடத்தில் முடிகிறது, அந்தப் பக்கத்து அலுவலகம் தந்த கோடு நாலு மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. நிஜத்தில் ஒரே சாலை. தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்தவர் தரவில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை, அவர்கள் திருத்தி அனுப்பும் வரைக்கும் விட்டுவைக்கிறோம். இது அசல் வழு, காரணம் பற்றி அமைந்தது. வழுவமைதி என்ற பெயர் இதற்குத்தான் பொருந்துகிறது.

இரண்டையும் இத்தனை நாள் 'எக்செப்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தோம். அதன் விளைவை இப்போதுதான் யோசிக்கிறேன். வழுவமைதி என்றால் திருத்தும் கடன் பாக்கி இருக்கிறது, ஒரு தேதி போட்டு மறுபடி கேட்க வேண்டும். புறநடைக்கு அப்படிக் கடன் இல்லை, களம் மாறினால் மட்டும் பார்த்தால் போதும். சுவரை இடித்துப் புது மனைப்பிரிவுக்கு வழி விட்டால் நேற்றைய முட்டுச்சந்து இன்றைக்குச் சாலை. அப்போது அந்தப் பழைய புறநடைக் குறியே நிஜமான அறுப்பை மறைத்துவிடும். இந்த ஆபத்தைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடப்போகிறேன்.

கருவியே தப்பாகக் கத்துவது மூன்றாவது வகை. அதற்குப் 'பொய்யெச்சரிக்கை' போதும். அதைப் பட்டியலில் வளர்க்காமல் சோதனையைத் திருத்த வேண்டும்.

இன்னும் ஒன்று, புறநடை என்பது சாலைக்குக் கிடையாது, விதிக்கும் சாலைக்கும் சேர்த்துத்தான். தொங்கலாம் என்று ஒப்புக்கொண்ட தெருவுக்குப் பெயர் இல்லாவிட்டால் பெயர்ச் சோதனை அதைப் பிடித்தே ஆக வேண்டும். கோட்டின் அடையாள எண்ணை மட்டும் நம்பியும் பயனில்லை. யாராவது கோட்டை இரண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்குப் புது எண் வரும், புறநடை அநாதையாகிவிடும். விதி, எண், இடம், காரணம், பார்த்தவர், பார்த்த தேதி எல்லாம் வேண்டும்.

தனுஷ்கோடி யோசனை சொன்ன நண்பருக்கு: எனக்கும் ஆசைதான். ஆனால் அரிச்சல்முனையில் சாலை வட்டமாகச் சுற்றித் திரும்பி வருகிறது. கோடு தன்னையே தொட்டுக்கொள்வதால் முனை தொங்காது. கடலே வந்து மறித்தும் சோதனையில் பாஸ்!

*

மறுமொழி 5

அக்கா, பிரிப்பு நல்லாயிருக்கிறது. பொத்தானில் என்ன எழுதுவீர்கள்? 'புறநடையாக்கு' சரி. 'வழுவமை' என்று போட்டால் வழுவை உண்டாக்கச் சொல்வது போல இருக்கிறதே.

*

மறுமொழி 6

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. 'அமைப்புகள்' என்ற பட்டியைத் தினமும் திறப்பவர்களுக்கு 'அமை' என்றால் உருவாக்கு என்றுதான் தோன்றும். 'அமைதியாக்கு' என்றால் ஒலியை நிறுத்தும் பொத்தான் என்று நினைப்பார்கள். வினையாக்காமல் 'வழுவமைதியில் சேர்' என்றே வைத்துக்கொள்கிறேன், ஒத்துப்போக 'புறநடையில் சேர்'. ஐயாவுக்கு மறுப்பு இல்லை என்றால் கையேட்டின் நான்காம் பகுதியை இப்படியே மாற்றி அனுப்புகிறேன். கத்திப்பாராவை உதாரணத்திலிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் தரவில், சாலை எந்த அடுக்கில் போகிறது என்று குறிக்க, 'மட்டம்' என்று ஒரு நெடுவரிசை சேர்க்கிற வேலை அதற்குப் பதிலாக வந்து சேர்ந்திருக்கிறது.