பாலிசேட்ஸ் அணுமின் நிலையம்: மாநிலம் பணம் ஒதுக்கிய பிறகும் வாஷிங்டனின் கடன் ஏன்?

ஏரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் பிள்ளைகளோடு வான் பியூரன் மாநிலப் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம், மணல்மேடுகளுக்குத் தெற்கே உள்ள பாலிசேட்ஸ் நிலையத்தைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். 1971இல் ஓடத் தொடங்கி, 2022 மே 20 அன்று நிறுத்தப்பட்ட 800 மெகாவாட் நிலையம் அது. அதைத் திரும்ப இயக்குவதற்காக எங்கள் மாநிலச் சட்டமன்றம் இரண்டு தவணைகளாக, தவணைக்கு 15 கோடி டாலர் வீதம் ஒதுக்கியது. அதற்கு மேல் கூட்டாட்சி அரசும் 152 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்தது. மாநிலமே முன்வந்த பிறகு வாஷிங்டனின் உதவியை நாட வேண்டிய தேவை என்ன? வரி செலுத்துகிறவன் என்ற முறையில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கணக்காளர்:

நண்பரே, நீங்கள் குறிப்பிட்ட இரண்டு தொகைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. மாநிலம் தருவது மானியம். கூட்டாட்சி அரசு தருவது வட்டியோடு திரும்பிவர வேண்டிய கடன். மூடிய உலை ஒன்றை மறுபடியும் ஓட வைப்பதற்கு உலகில் முன்மாதிரி மிகக் குறைவு என்பதால், தனியார் வங்கிகள் இவ்வளவு பெரிய தொகையைக் குறைந்த வட்டிக்குத் தருவது கடினம். அந்த இடத்தில்தான் எரிசக்தித் துறையின் கடன் பிரிவு வருகிறது. மாநிலச் சட்டமன்றமும் இதை அறிந்தே செயல்பட்டது: முதல் 15 கோடியை ஒதுக்கியபோது, கூட்டாட்சிக் கடன் உறுதியாக வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தது.

இதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிலையம் நின்ற சில வாரங்களில் அது ஹோல்டெக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 600 கோடி டாலர் மதிப்புள்ள கூட்டாட்சி உதவித் திட்டத்துக்கு அந்நிறுவனம் விண்ணப்பித்தபோது மிச்சிகன் ஆளுநர் விட்மரும் ஆதரவுக் கடிதம் அனுப்பினார். ஆனால் 2022 நவம்பரில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மூடப்படும் அபாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உலைகளைக் காப்பாற்றுவதற்காக அமைந்த திட்டம் அது. பாலிசேட்ஸோ அதற்குள் நின்றுபோயிருந்தது. அதே மாதம் கலிபோர்னியாவின் டியாப்லோ கேன்யன் நிலையத்துக்கு அதே திட்டத்தில் 110 கோடி டாலர் வரை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே சட்டமன்றம் செய்த வேலை நுணுக்கமானது: 140 கோடி டாலர் வரை மாநிலக் கடனுக்கு வழிசெய்த சட்டத்திலேயே, நிலையத்தின் உரிமையாளர் கூட்டாட்சி உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், வரும் பணத்தைக் கொண்டு மாநிலத்தின் கடனை அடைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மிச்சிகனும் பணத்தைக் கடனாகவே கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஓஹையோவிலிருந்து:

மாநிலம் தனியாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் மாநிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 2019இல் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி ஆகிய இரு அணுமின் நிலையங்களுக்காக ஆண்டுக்கு 15 கோடி டாலரை மின்கட்டணத்தின் வழியே எங்களிடம் வசூலிக்க ஒரு சட்டம் வந்தது. அதன் பின்னால் சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் இருந்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, ஓஹையோ மாநிலப் பிரதிநிதிகள் அவையின் சபாநாயகராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அணுமின்சாரத்துக்கான அந்தப் பகுதியை 2021இலேயே ரத்து செய்துவிட்டார்கள். அணுமின்சாரம் தேவை என்று நம்புகிறவன் நான். அதனாலேயே இந்தக் காயம் எனக்கு ஆறவில்லை. கடனோ மானியமோ, எந்த நிபந்தனையில் யாருக்குப் போகிறது என்பதைப் பொதுமக்கள் படித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பொறியாளர்:

பணத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். இயந்திரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நீராவிக் கலன்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன். உலையில் சூடேறிய நீர், கலனுக்குள் நெருக்கமாக நிற்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் உட்புறமாக ஓடும். வெளிப்புறத்தில் இருக்கும் வேறு நீர் அந்தச் சூட்டில் கொதித்து நீராவியாகி டர்பைனைச் சுழற்றும். குழாய்ச் சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். உலை நின்றிருக்கும் காலத்திலும் உள்ளிருக்கும் நீரின் வேதியியல் தன்மையைக் கவனமாகப் பேண வேண்டும். தவறினால் உலோகத்தில் மெல்லிய விரிசல்கள் விழும். பாலிசேட்ஸில் 2024இல் சோதித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களில் அத்தகைய அறிகுறிகள் காணப்பட்டன. பழுதான இடத்தில் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாயைச் செருகி இறுக்கும் முறையைக் கையாண்டார்கள்.

இந்த வேலை போதுமானதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மிச்சிகன் சட்டமன்றத்துக்குக் கிடையாது. 1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி அணுமின் நிலையங்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு கூட்டாட்சி அரசின் பொறுப்பு. இப்போது அது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இருக்கிறது. 2025 கோடையில் நிலையம் மீண்டும் இயக்க நிலைக்கு மாற அனுமதித்ததும் அந்த ஆணையம்தான். பணம் கொடுக்கும் மாநிலத்தால் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்கச் சொல்ல முடியாது என்பதே என்னை உறுத்துகிறது.

ஏரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மானியத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் யோசிக்கவே இல்லை. 2040க்குள் மின்சாரம் முழுவதும் தூய ஆற்றலாக வேண்டும் என்று 2023இல் இயற்றிய சட்டத்தில் எங்கள் மாநிலம் அணுமின்சாரத்தையும் சேர்த்திருப்பதால், இத்தகைய கோரிக்கைகள் இனியும் வரும் என்று தோன்றுகிறது. பொறியாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அப்படிச் செருகிய சிறு குழாய்களை அடுத்து எப்போது, எந்த முறையில் சோதிப்பார்கள்?

பராமரிப்புப் பொறியாளர்:

பொதுவாக எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் காலத்தில் சோதிப்பார்கள். உலோகத்தில் உள்ள விரிசலை மின்காந்த முறையில் காட்டும் சுழல்மின்னோட்ட உணர்வி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, முழு நீளத்தையும் அளந்து, முந்தைய பதிவோடு ஒப்பிடுவார்கள். அந்த ஆய்வறிக்கைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பொதுவாக வெளியாகும். தேடி எடுத்தால் இங்கேயே பதியுங்கள், சேர்ந்து படிப்போம்.